மது உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தால்: போர்ட் பிளேர் அமர்வில் எது எடுபடும், எது எடுபடாது

நெடுஞ்சாலையோர மதுக்கடைகளை அகற்ற வேண்டும் என்று தமிழ்நாட்டு வழக்கறிஞர் கே. பாலு சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு, கடைசியில் அந்தமான் வரை வந்து சேர்ந்தது. தமிழ்நாடு அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு தமிழ்நாட்டோடு நிற்கவில்லை. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளின் விளிம்பிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்கப் புதிய உரிமம் கூடாது, இருக்கிற உரிமங்களும் 2017 ஏப்ரல் 1-க்கு மேல் ஓடக் கூடாது என்று எல்லா மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் சேர்த்தே உத்தரவு வந்தது. போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் ஸ்ரீ விஜய புரம்) திக்லிப்பூர் வரை போகும் அந்தமான் ட்ரங்க் ரோடு ஒரு தேசிய நெடுஞ்சாலை. முன்பு அதன் எண் 223, இப்போது 4. கடைவீதிகளும் விடுதிகளும் பெரும்பாலும் அந்தச் சாலையை ஒட்டித்தான் இருக்கின்றன. ஆண்டுதோறும் கட்டணம் கட்டி முத்திரை வாங்கிவந்த சடங்கு, அன்று முதல் அரசியல் சட்டக் கேள்வி ஆகிவிட்டது.

புதுப்பிக்க மாட்டோம் என்று நிர்வாகம் சொன்னால் உரிமதாரருக்கு என்ன வழி? அந்தப் பக்கத்தில், புதுப்பிக்கக் கூடாது என்று நினைக்கும் அக்கம்பக்கத்தாருக்கு என்ன வழி? இரண்டுக்கும் ஒரே வாசல்தான். ஆனால் அந்த வாசலில் என்ன கேட்கலாம் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

யாருடைய சட்டம், யாருடைய நீதிமன்றம்

அந்தமான் நிகோபாருக்குச் சட்டமன்றம் கிடையாது. அரசியல் சட்டத்தின் 240-வது பிரிவின்படி இங்கே குடியரசுத் தலைவர் ஒழுங்குமுறைச் சட்டங்களைப் பிறப்பிக்கலாம். 2012-ம் ஆண்டின் கலால் ஒழுங்குமுறையும் அப்படி வந்ததுதான். துணைநிலை ஆளுநரின் நிர்வாகம் அதைச் செயல்படுத்துகிறது. மதுக்கடைகளைப் பெரும்பாலும் நடத்துவது நிர்வாகத்துக்குச் சொந்தமான அனிட்கோ நிறுவனம். ஆகவே தனியாரின் புதுப்பித்தல் சண்டை என்றால் அது அநேகமாக விடுதி பார், உணவக பார் பற்றியதாகத்தான் இருக்கும்.

1953-ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் ஒன்று கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் அதிகாரத்தை இந்தத் தீவுகளுக்கும் நீட்டியது. போர்ட் பிளேரில் அதன் சுற்று அமர்வு கூடுகிறது. நீதிபதிகள் கொல்கத்தாவிலிருந்து முறைவைத்து வருகிறார்கள். அந்தமான் தமிழர்களுக்கு இதில் ஒரு சின்னத் தடுமாற்றம் உண்டு. ஊர், உறவு, கப்பல், பத்திரிகை எல்லாம் சென்னையோடு. அதனால் டாஸ்மாக் வழக்கு ஒன்றில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதைக் கத்தரித்து வைத்துக்கொண்டு வக்கீலிடம் போவார்கள். சென்னைத் தீர்ப்பு போர்ட் பிளேரில் நீதிபதியைக் கட்டுப்படுத்தாது. எடுத்துக்காட்டலாம், அவர் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். கல்கத்தாவின் தீர்ப்பும் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பும்தான் இங்கே பேசும்.

உரிமை இல்லை, எதிர்பார்ப்பு உண்டு

மது வியாபாரம் செய்ய யாருக்கும் அடிப்படை உரிமை இல்லை. அஜ்மீரைச் சேர்ந்த கூவர்ஜி பரூச்சா வழக்கில் 1954-ல் உச்ச நீதிமன்றம் இந்தத் திசையைக் காட்டியது. கர்நாடகத்தின் கோடே டிஸ்டிலரீஸ் வழக்கில் 1994-ல் அதை ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லி முடித்தது. மனுவின் முதல் பக்கத்திலேயே 'என் தொழில் உரிமை பறிபோகிறது' என்று முழங்குகிறவர்கள் அங்கேயே பாதி வழக்கைத் தோற்றுவிடுகிறார்கள்.

ஆனால் கோடே தீர்ப்பில் இன்னொரு பாதி இருக்கிறது. அரசு மது வியாபாரத்தை அனுமதிப்பது என்று முடிவு செய்துவிட்டால், அனுமதி கேட்பவர்களிடையே பாரபட்சம் காட்டக் கூடாது. சமத்துவம் பேசும் 14-வது பிரிவு மதுக்கடை வாசலில் நின்றுவிடுவதில்லை. போர்ட் பிளேரில் ஒரு மனு நிற்பதும் விழுவதும் இந்தப் பாதியை வைத்துத்தான்.

புதுப்பித்தலுக்கு ஒரு தனி அந்தஸ்தும் உண்டு. 1978-ல் இங்கிலாந்தில் குத்துச்சண்டை மேலாளர் உரிமம் கேட்ட ஒருவரின் வழக்கில் நீதிபதி மெகாரி மூன்று வகை மனிதர்களைப் பிரித்துக் காட்டினார்: கையில் உள்ள உரிமத்தை இழப்பவர், புதிதாகக் கேட்பவர், வைத்திருந்ததைத் தொடரக் கேட்பவர். மூன்றாமவர் முதலாமவருக்குப் பக்கத்தில் நிற்பவர். இத்தனை நாள் கொடுத்துவிட்டு இப்போது ஏன் இல்லை என்று தெரிந்துகொள்ளும் நியாயமான எதிர்பார்ப்பு அவருக்கு உண்டு. பத்து ஆண்டுகளாகப் புகாரின்றி பார் நடத்தியவரை, நேற்று விண்ணப்பம் போட்டவரைப் போல ஒரு வரியில் திருப்பி அனுப்பினால் நீதிமன்றம் புருவத்தை உயர்த்துவது இதனால்தான்.

அதற்காகப் புதுப்பித்தல் தானாக வந்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. இந்த விஷயத்தின் தாய் வழக்கே ஒரு மதுவிடுதியின் தோல்விதான். இங்கிலாந்தின் வெஸ்ட்மோர்லண்டில், கென்ட்மியர் என்ற ஒதுக்குப்புறமான பள்ளத்தாக்குக் கிராமத்தில் சூசன்னா ஷார்ப் என்ற பெண்மணி விடுதி நடத்திவந்தார். போலீஸ் கண்காணிப்புக்கு எட்டாத இடம், அந்த ஊருக்கு அப்படியொரு விடுதி தேவையும் இல்லை என்று சொல்லி உள்ளூர் நீதிபதிகள் புதுப்பிக்க மறுத்தார்கள். பிரபுக்கள் சபை 1891-ல் அந்த மறுப்பைச் சரி என்றது. ஆனால் அதே தீர்ப்பில் ஹால்ஸ்பரி பிரபு ஒரு கட்டுப்பாட்டையும் வைத்தார்: விருப்பதிகாரம் என்பது அதிகாரியின் சொந்த விருப்பம் அல்ல, அது நியாயத்துக்கும் சட்டத்துக்கும் கட்டுப்பட்டு நடக்க வேண்டும். விடுதிக்காரர் தோற்றார். அவர் வழக்கு மட்டும் உலகெங்கும் உரிமதாரர்களுக்கு உதவிக்கொண்டிருக்கிறது. கண்காணிப்புக்கு எட்டாத இடம் என்ற காரணம், படகு போனால்தான் போலீஸ் போக முடிகிற தீவுகளில் இன்னும் கனமாகவே விழும் என்பதையும் மறக்கக் கூடாது.

மறுப்பு ஆணையை வாசிக்கும் விதம்

மறுப்பு ஆணை கைக்கு வந்ததும் வாசிக்க வேண்டியவை மூன்று: கையெழுத்து யாருடையது, காரணம் என்ன, யார் சொல்லி எழுதப்பட்டது. மூன்றாவதை யாரும் பார்ப்பதில்லை. அங்கேதான் பல ஆணைகள் உடைகின்றன.

பம்பாயின் அந்தேரியில் கோர்தன்தாஸ் பான்ஜி என்பவர் சினிமா கொட்டகை கட்ட 1947-ல் போலீஸ் கமிஷனரிடம் அனுமதி வாங்கினார். சில வாரங்களில் கமிஷனரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அரசின் உத்தரவுப்படி அனுமதி ரத்து செய்யப்படுவதைத் தெரிவிப்பதாக அதில் இருந்தது. வழக்கு வந்தபோது, அது தன் சொந்த முடிவுதான் என்று கமிஷனர் விளக்கம் சொன்னார். 1951-ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி விவியன் போஸ் அதை ஏற்கவில்லை. சட்டம் அதிகாரத்தைக் கமிஷனரிடம் கொடுத்திருக்கிறது, கடிதமோ அரசு முடிவெடுத்ததாகச் சொல்கிறது. பகிரங்கமாக எழுதிய ஆணைக்குப் பின்னால் வந்து வேறு பொருள் சொல்ல முடியாது என்றார். 1977 டிசம்பரில் மொகிந்தர் சிங் கில் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் இதையே எடுத்தாண்டு விதியாக்கினார்: ஆணையில் இல்லாத காரணத்தைப் பிறகு பிரமாணப் பத்திரத்தில் கொண்டுவந்து ஒட்டக் கூடாது.

அந்தமானில் இதன் பயன் நேரடியானது. 'உயர் அதிகாரிகளின் அறிவுரைப்படி', 'நிர்வாகத்தின் முடிவுப்படி' போன்ற தொடர்கள் மறுப்பு ஆணையில் இருந்தால், ஒழுங்குமுறையும் விதிகளும் புதுப்பிக்கும் அதிகாரத்தை யாருக்குக் கொடுத்திருக்கின்றன என்று முதலில் பார்க்க வேண்டும். அந்த அதிகாரி தானே மனம் செலுத்தி முடிவெடுத்தாரா, வெறும் தபால்காரராக இருந்தாரா என்பதே கேள்வி.

இதன் உச்சக்கட்டத்தை கனடாவில் பார்க்கலாம். மாண்ட்ரியலில் பிராங்க் ரோன்கரெல்லியின் குடும்பம் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மது உரிமத்தோடு உணவகம் நடத்திவந்தது. அவர் யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்தவர். துண்டுப் பிரசுரம் விநியோகித்துக் கைதான சுமார் 380 சபையினருக்குத் தன் சொத்தைக் காட்டி ஜாமீன் நின்றார். எரிச்சலடைந்த கியூபெக் முதல்வர் டூப்ளெசி, மது ஆணையத்தின் தலைவருக்குச் சொல்லி உரிமத்தை ரத்து செய்ய வைத்தார். 1946 டிசம்பர் 4 அன்று, உணவகம் திறந்திருக்கும்போதே அதிகாரிகள் வந்து சரக்கை எடுத்துப்போனார்கள். இனி ஒருபோதும் உரிமம் கிடையாது என்ற அறிவிப்பும் சேர்ந்து வந்தது. பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1959 ஜனவரியில், கனடா உச்ச நீதிமன்றம் முதல்வர் தன் கையிலிருந்து 33,123.53 டாலர் இழப்பீடு தரவேண்டும் என்றது. உணவகம் அதற்கு வெகுநாள் முன்பே மூடப்பட்டுவிட்டது. உள்நோக்கம் என்று மனுவில் எழுத ஆசைப்படுகிறவர்கள் ரோன்கரெல்லியிடம் இருந்த அளவு ஆதாரம் தங்களிடம் இருக்கிறதா என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது. டூப்ளெசி தான் செய்ததை மறைக்கவே இல்லை. நம்மூர் அதிகாரிகள் அவ்வளவு வெளிப்படையாகப் பேசுவதில்லை. பெயர் சொல்லி, நாள் சொல்லி, தாள் காட்டி நிரூபிக்க முடியாத உள்நோக்கக் குற்றச்சாட்டு மற்ற நல்ல வாதங்களையும் சேர்த்துக் கெடுக்கும்.

பக்கத்து விடுதிக்குக் கொடுத்திருக்கிறார்களே என்ற வாதமும் அப்படித்தான், பாதி நல்லது, பாதி ஆபத்து. இருவர் நிலையும் ஒன்றே, இருவருக்கும் தகுதி உண்டு, ஒருவருக்கு மட்டும் மறுப்பு என்றால் 14-வது பிரிவு கைகொடுக்கும். பக்கத்து விடுதிக்குக் கொடுத்ததே சட்டவிரோதம் என்றால் கொடுக்காது. ஒரு தவற்றைக் காட்டி இன்னொரு தவற்றைக் கேட்க முடியாது என்று சண்டிகர் நிர்வாகம் எதிர் ஜக்ஜித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. சில சமயம் இந்த வாதத்தால் பக்கத்து விடுதியின் உரிமம்தான் போகும், கேட்டவருக்கு எதுவும் வராது.

டேப்பை எங்கே பிடிப்பது

நெடுஞ்சாலைத் தூரம் பற்றிய சட்டம் 2016-க்குப் பிறகு பலமுறை திருத்தம் கண்டது. பழைய செய்தியை வைத்துக்கொண்டு வாதாடுவதும் பழைய சுற்றறிக்கையை வைத்துக்கொண்டு மறுப்பதும் இரண்டு பக்கமும் நடக்கக்கூடியவை. 2017 மார்ச் 31 அன்று, மக்கள்தொகை 20,000 அல்லது அதற்குக் குறைவான உள்ளாட்சிப் பகுதிகளில் 500 மீட்டர் என்பது 220 மீட்டராகக் குறைந்தது. அதே நாளில், தடை கடைகளுக்கு மட்டுமல்ல, விடுதி பார்களுக்கும்தான் என்றும் நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2017 ஜூலை 11 அன்று சண்டிகரிலிருந்தே வந்த வேறொரு வழக்கில், நகராட்சி எல்லைக்குள் இருக்கும் உரிமங்களை இந்தத் தடை தொடாது என்ற விளக்கம் வந்தது. 2018 பிப்ரவரி 23 அன்று, நகராட்சி அல்லாத உள்ளாட்சிப் பகுதிகளுக்கும் அந்த விளக்கத்தை நீட்டலாமா என்பதை, இடத்தின் வளர்ச்சியைப் பார்த்து அந்தந்த அரசே முடிவு செய்யலாம் என்று விடப்பட்டது.

ரங்கத்தில் சாலையோரமாக ஒரு விடுதி இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். அது போர்ட் பிளேர் நகராட்சி அல்ல, பஞ்சாயத்துப் பகுதி. எனவே அங்கே முதல் கேள்வி 500 மீட்டரா 220 மீட்டரா என்பதே அல்ல. அந்தப் பஞ்சாயத்துப் பகுதியை 2018 உத்தரவின்படி நிர்வாகம் பரிசீலித்து முடிவெடுத்ததா என்பதுதான் முதல் கேள்வி. எடுத்திருந்தால் அந்த ஆணையின் நகல் வேண்டும். எடுக்கவில்லை என்றால், பரிசீலிக்கச் சொல்லி எழுத்தில் கேட்டு, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு ஒரு பிரதியை வைத்துக்கொள்ள வேண்டும். தூரம் என்று வந்தால் சாலையின் வெளி விளிம்பிலிருந்து, அணுகுசாலை இருந்தால் அதன் விளிம்பிலிருந்து அளக்க வேண்டும். அதிகாரிகள் அளக்கும்போது உடன் இருப்பதும், எந்தப் புள்ளியில் டேப்பைப் பிடித்தார்கள் என்பதை வரைபடத்தில் குறித்துக் கையெழுத்து வாங்குவதும் பின்னால் பத்துப் பக்க வாதத்தை மிச்சப்படுத்தும். அளவைச் சண்டை எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கொச்சி அருகே வடக்குப் பரவூர் பார் ஒன்று சாட்சி: 2017-ல் அது தன் வாசலுக்கு முன்னால் வளைந்து வளைந்து செல்லும் சுவர்வழி ஒன்றைக் கட்டி, நடந்து வருகிற தூரத்தைக் கூட்டிக் காட்டியது. தீவுகளில் அதைப் பின்பற்றுவதைவிட வரைபடத்தில் கையெழுத்து வாங்குவது மலிவு.

கொள்கை என்று சொன்னால்

தனி ஒருவரின் தவற்றுக்காக மறுப்பது வேறு, கொள்கை முடிவாக எல்லோருக்கும் மறுப்பது வேறு. கேரளத்தில் 2014 ஏப்ரலில் தரம் போதவில்லை என்று 418 பார்களின் உரிமம் புதுப்பிக்கப்படவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் உம்மன் சாண்டி அரசு ஐந்து நட்சத்திர விடுதிகளைத் தவிர மற்ற எந்த பாருக்கும் உரிமம் இல்லை என்றது. பார் உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள்; 2015 டிசம்பர் 29 அன்று தோற்றார்கள். மது நுகர்வைக் குறைக்க அரசு எடுக்கும் கொள்கையில், நட்சத்திரத்தை வைத்துப் பிரித்தது பகுத்தறிவுக்கு உட்பட்டதே என்றது நீதிமன்றம். 2016-ல் ஆட்சி மாறி, 2017-ல் மூன்று நட்சத்திரத்துக்கும் வழி திறந்தது. நீதிமன்றத்தில் கிடைக்காதது தேர்தலில் கிடைத்தது. சட்டமன்றத் தேர்தலே இல்லாத அந்தமானில் அந்த வழியும் குறுகல்தான்.

காலண்டரும் கோப்பும்

மது உரிமங்கள் பொதுவாக ஏப்ரல் 1-ல் தொடங்கி மார்ச் 31-ல் முடிகின்றன. கட்டணத்தை வாங்கிக்கொண்டார்கள் என்பதாலேயே உரிமம் தொடர்கிறது என்று நினைத்து ஏப்ரல் 1 அன்று பாரைத் திறந்தால், நிர்வாகத்துக்குப் புதிதாக ஒரு குற்ற வழக்கும் மறுப்புக்கு ஒரு நல்ல காரணமும் கிடைத்துவிடும். மீதமிருக்கும் சரக்கை எண்ணி, பதிவேட்டில் ஏற்றி, எழுத்தில் தெரிவித்துவிட்டுப் பூட்டிவைப்பதே பாதுகாப்பு.

விண்ணப்பத்துக்கு மறுப்பும் வராமல் ஒப்புதலும் வராமல் கிடக்கும் மௌனம்தான் நடைமுறையில் அதிகத் தொல்லை. இதற்குக் கேட்க வேண்டிய நிவாரணம் எளிமையானது: குறிப்பிட்ட வாரங்களுக்குள், விண்ணப்பதாரரின் தரப்பையும் கேட்டு, காரணத்தோடு ஆணை பிறப்பிக்க அதிகாரிக்கு உத்தரவிட வேண்டும். இதைத் தர நீதிபதிகள் தயங்குவதில்லை. 'உரிமத்தையே கொடுக்கச் சொல்லுங்கள்' என்பதற்குத் தயங்குவார்கள். கேரள உயர் நீதிமன்றம் ஒரு மதுபான ஆலைக்கு அப்படிக் கொடுக்கச் சொன்ன உத்தரவை 2013-ல் கந்தத் டிஸ்டிலரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வழக்கு முடியும்வரை பார் நடத்த இடைக்கால அனுமதி கிடைப்பதும் இதே காரணத்தால் அரிது.

ஒழுங்குமுறையில் மேல்முறையீடு இருந்தால் முதலில் அங்கேதான் போக வேண்டும். விலக்குகளை 1998-ல் வேர்ல்பூல் வழக்கு வகுத்துக் கொடுத்தது: அடிப்படை உரிமை மீறல், விளக்கம் கேட்காமலே எடுத்த முடிவு, அதிகாரமே இல்லாதவர் போட்ட ஆணை, சட்டத்தின் செல்லுபடியையே எதிர்ப்பது. இவற்றில் ஒன்று இருந்தால் நேராக ரிட் மனு போடலாம். சுற்று அமர்வு எப்போது கூடுகிறது, கூடாத நாளில் அவசர மனுவை எப்படிக் கொண்டுபோவது என்பதைப் பிப்ரவரியிலேயே உள்ளூர் வக்கீலிடம் கேட்டு வைத்துக்கொள்வது உசிதம். மார்ச் கடைசி வாரத்தில் விமான டிக்கெட் தேடுகிறவருக்கு உரிமத்தோடு கையிருப்பும் கரையும்.

எதிர்ப்பவர்களுக்கும் இதே கணக்குதான். பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கிறது, இரவில் தொந்தரவு என்று ஊர்க்காரர்கள் வாயால் சொன்னது எதுவும் நீதிமன்றத்தில் இல்லாததே. புதுப்பித்தல் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போதே எழுத்தில் ஆட்சேபணை கொடுத்து, பஞ்சாயத்துத் தீர்மானத்தையும் போலீஸ் புகார் ரசீதுகளையும் சேர்த்திருந்தால், அதைக் கண்டுகொள்ளாமல் புதுப்பித்த ஆணையை அவர்களும் எதிர்க்கலாம்.

மனு ஜெயித்தால் என்ன கிடைக்கும்? பெரும்பாலும் பழைய ஆணை ரத்தாகி, விண்ணப்பம் அதே அதிகாரியிடம் மறுபரிசீலனைக்குத் திரும்பும். அவர் இம்முறை ஒழுங்காகக் காரணம் எழுதி மறுபடி மறுக்கலாம்; அது புதிய ஆணை, புதிய வழக்கு. உத்தரவை அவர் கண்டுகொள்ளாமலே விட்டால் அவமதிப்பு மனு போடலாம். போர்ட் பிளேர் அமர்வு அதில் மென்மையானது என்று சொல்ல முடியாது. தினக்கூலித் தொழிலாளர்கள் தொடர்பான உத்தரவை நிறைவேற்றாததற்காக 2023 ஆகஸ்ட் 3 அன்று அது தலைமைச் செயலாளரைப் பணியிடை நீக்கம் செய்தது, துணைநிலை ஆளுநருக்கு 5 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. மறுநாளே உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. இதெல்லாம் நடக்கும்போது ஆண்டு ஓடிக்கொண்டிருக்கும். வழக்கில் உள்ள உரிம ஆண்டு முடிவதற்குள், அடுத்த ஆண்டுக்கான விண்ணப்பத்தையும் கட்டணத்தையும், நிலுவையில் உள்ள மனுவின் எண்ணைக் குறிப்பிட்டு, உரிமைகள் பாதிக்கப்படாமல் தாக்கல் செய்வதாக ஒரு வரி எழுதி, கெடுவுக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும்.